கப்பலேறிய குடும்பங்கள் – 11: செராம்பூரில் ஒரு டிசம்பர்

இந்த வாரம் நான் சொல்லப்போகும் கிறிஸ்துமஸில் நட்சத்திர விளக்கு கிடையாது, கேக் கிடையாது, கீத பவனியும் கிடையாது. 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஒரு வியாழக்கிழமை. கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள செராம்பூரில் வில்லியம் கேரியின் வீட்டார் அன்று என்ன சமைத்தார்கள் என்று தேடிப் பார்ப்பதில் பயனில்லை. அவர்கள் இங்கிலாந்து பாப்டிஸ்டுகள். அந்தக் காலத்து பாப்டிஸ்டுகளுக்குத் திருநாள் கணக்குப் பார்த்துக் கொண்டாடும் வழக்கம் இல்லை. கல்கத்தாவில் இருந்த மற்ற ஆங்கிலேயர்கள் வாசலில் வாழைமரம் கட்டி, மாலை தொங்கவிட்டு, விருந்து வைத்துப் ‘பெரிய நாள்’ கொண்டாடுவார்கள். வங்காளத்தில் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு அதுதான் பெயர்.

ஆனாலும் அந்த வாரத்தை விட்டுவிட்டு இந்தத் தொடரை எழுத முடியாது. திங்கள் 22 தொடங்கி ஞாயிறு 28 வரை அந்த வீட்டில் நடந்தவைதான் வங்காளத்து பாப்டிஸ்ட் சபையின் முதல் பக்கம். அதே ஏழு நாளில் அந்த வீட்டுக்குள் இரண்டு பேர் புத்தி பேதலித்துக் கிடந்தார்கள். முதல் விஷயத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இரண்டாவதை நம் பிரசங்கிமார் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுவார்கள். மிஷனரிகளின் வீடுகளைப் பற்றிய தொடர் இது என்று முதல் வாரமே சொல்லியிருந்தேன். ஆகவே நான் தாண்டப்போவதில்லை.

முதலில் வீட்டுக்கார அம்மாள். டாரத்தி பிளாக்கெட், நார்த்தாம்ப்டன்ஷையரின் கிராமத்துப் பெண். 1781-ல் கேரியை மணந்தபோது பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டவர். கணவருக்கு வயது 19, செருப்புத் தைக்கும் தொழில். டாரத்தி ஐந்தாறு வயது மூத்தவர். செருப்புத் தைத்தபடியே லத்தீனும் கிரேக்கமும் எபிரெயமும் படித்த அந்த இளைஞர் போதகரானார். பிறகு 1792-ல் நண்பர்களோடு கெட்டரிங் என்ற ஊரில் ஒரு மிஷன் சங்கம் தொடங்கினார். அன்று தருவதாக வாக்களித்த தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தியாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. டாரத்தி வரமாட்டேன் என்றார். அவர் நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குள் மூன்று ஆண் பிள்ளைகள், ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளைப் புதைத்தவர். கேரி மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அனுமதிச் சீட்டு இல்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் இருந்து அவர்களை இறக்கிவிட்டார்கள். அந்தத் தாமதம்தான் டாரத்தியின் தலைவிதியை மாற்றியது. அதற்குள் பிள்ளை பிறந்திருந்தது. கேரியோடு வந்த மருத்துவர் ஜான் தாமஸ் திரும்பவும் வீட்டுக்குப் போய், இப்போது வராவிட்டால் ஆயுள் முழுக்க வருந்துவாய், குடும்பம் சிதறிவிடும் என்று பேசினார். தங்கை கிட்டி கூட வந்தால் வருகிறேன் என்றார் டாரத்தி. கிட்டி சம்மதித்தாள். 1793 ஜூன் 13 அன்று ஒரு டேனிஷ் கப்பலில் ஏறி நவம்பர் 11-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். பச்சைக் குழந்தையோடு ஐந்து மாதக் கடல்.

வந்த பிறகு நடந்தது இன்னும் கொடுமை. கையில் பணம் இல்லை. சுந்தரவனத்துப் பக்கம் சதுப்பு நிலத்தில் சில மாதம் தங்கினார்கள். அங்கே உப்பு இலாகாவில் இருந்த சார்ல்ஸ் ஷார்ட் என்ற ஆங்கிலேயரைக் கிட்டி மணந்துகொண்டாள். எந்தத் துணையை நம்பி டாரத்தி கப்பல் ஏறினாரோ அந்தத் துணை போயிற்று. 1794-ல் மால்தா பக்கம் மத்னாபாட்டி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலை மேலாளர் வேலை கேரிக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். சாதிக்குப் பயந்து குழி தோண்டவும் பெட்டி தூக்கவும் யாரும் வரவில்லை. ஆள் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. டாரத்தியின் மனம் அதற்குப் பிறகு தேறவே இல்லை. கணவர் பிற பெண்களிடம் போகிறார் என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து கத்துவார். ஒருமுறை கத்தியும் எடுத்தார். அப்போதெல்லாம் இதற்கு மருந்து கிடையாது, அறைக்குள் பூட்டிவைப்பதுதான் சிகிச்சை. பக்கத்து அறையில் மனைவி அலற, இந்த அறையில் கேரி வங்காளிப் பைபிளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்று பல வாழ்க்கை வரலாறுகளும் எழுதுகின்றன. பெரும்பாலும் இது அவருடைய பொறுமைக்குச் சான்றாகத்தான் எழுதப்படுகிறது. எனக்கு அந்த இடத்தில் பொறுமை மட்டும் தெரிவதில்லை.

1799 அக்டோபர் 13-ல் புதிய குழு ஒன்று அமெரிக்கக் கப்பலில் வந்து செராம்பூரில் இறங்கியது. பள்ளி ஆசிரியர் ஜோஷுவா மார்ஷ்மன், அவர் மனைவி ஹன்னா, அச்சுக்காரர் வில்லியம் வார்டு, கிராண்ட் குடும்பம், பிரன்ஸ்டன் குடும்பம். ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் இவர்களுக்கு இடமில்லை, ஏனென்றால் கம்பெனிக்கு மிஷனரி என்றாலே ஆகாது. ஒரு செய்தித்தாள் ‘பாப்டிஸ்ட்’ என்பதைப் ‘பாபிஸ்ட்’, அதாவது கத்தோலிக்கர், என்று அச்சிட்டுவிட, பிரெஞ்சுக்காரர்களின் உளவாளிப் பாதிரிகளோ என்ற சந்தேகம் வேறு கிளம்பியது. செராம்பூரோ டென்மார்க் ராஜாவின் ஊர். நம்முடைய தரங்கம்பாடி எப்படியோ அப்படி. அங்கே ஆளுநராக இருந்த ஓலே பீ முன்பு தரங்கம்பாடியில் பணியாற்றியவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் ஊழியம் எப்படிப்பட்டது என்று அறிந்தவர். இவர்களை வெளியேற்றச் சொல்லிக் கல்கத்தாவிலிருந்து நெருக்கடி வந்தபோது அவர் அசையவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பாரக்பூர், அங்கே கவர்னர் ஜெனரலின் கோடை மாளிகை. இக்கரையில் டேனிஷ் கொடியின் கீழ் மிஷனரிகள். கேரி மத்னாபாட்டியை விட்டு 1800 ஜனவரி 10-ல் இங்கே வந்தார்.

ஆற்றோரம் 6,000 ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே பணப்பெட்டி, ஒரே சாப்பாட்டு மேஜை. வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர் கையில் இருக்கும். சனிக்கிழமை மாலை எல்லோரும் கூடி ஒருவர்மேல் ஒருவருக்குள்ள மனத்தாங்கலைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த விதி எவ்வளவு அவசியம், எவ்வளவு கஷ்டம் என்று. ஹன்னா மார்ஷ்மனும் கணவரும் அந்த ஆண்டே ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். அதில் வந்த வருமானம்தான் வீட்டை ஓட்டியது. தாயின் கவனிப்பும் தகப்பனின் கண்டிப்பும் இல்லாமல் ஓடித்திரிந்த கேரியின் நான்கு பையன்களுக்குச் சோறு போட்டதும் துணி தைத்ததும் ஒழுங்கு சொன்னதும் ஹன்னாதான். பதினைந்து வயது ஃபீலிக்ஸைத் திருத்தியவர் வார்டு. திட்டவில்லை, அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தி வேலை கொடுத்தார். மரத்தால் ஆன அந்தப் பழைய அச்சில் மார்ச் மாதம் வங்காளி மத்தேயு சுவிசேஷத்தின் முதல் தாள் வெளிவந்தது.

சாவும் அந்த வீட்டுக்குள் வந்துகொண்டேதான் இருந்தது. கிராண்ட் வந்திறங்கி மூன்று வாரத்துக்குள் போய்விட்டார். முன்பே வந்திருந்த ஃபவுண்டன் 1800 ஆகஸ்டில். அந்த மேஜையில் இரண்டு இளம் விதவைகள் உட்கார்ந்திருந்தார்கள். கேரி இந்தியா வந்து ஏழு வருடம், தாமஸ் கப்பல் மருத்துவராக முதன்முதலில் வங்காளம் வந்து பதினேழு வருடம். அதுவரை ஒரு வங்காளிகூட இவர்களிடம் ஞானஸ்நானம் பெறவில்லை.

நவம்பர் 25 காலையில் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஆற்றில் குளிக்கப் போனவர் படித்துறையில் வழுக்கி விழுந்தார். வலது தோள் மூட்டு விலகிவிட்டது. மிஷன் வீட்டில் டாக்டர் இருக்கிறார் என்று ஆள் அனுப்பினார்கள். தாமஸும் கேரியும் மார்ஷ்மனும் போனார்கள். கிருஷ்ணனை ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டி, கையை இழுத்து, மூட்டை உள்ளே தள்ளினார் தாமஸ். வலியில் கிடந்தவரிடம் பாவத்தைப் பற்றியும் இரட்சகரைப் பற்றியும் பேசினார். நோயாளியின் தலைமாட்டில் நின்று பிரசங்கம் செய்வது இன்று நமக்கு உறுத்தும். உறுத்துவதும் நியாயம்தான். ஆனால் கிருஷ்ணன் வெறும் நோயாளி இல்லை. ஏற்கெனவே கோஷ்பாராவில் இருந்த கர்த்தாபஜா என்ற பக்திக் குழுவில் சேர்ந்து, சாதிச் சடங்குகளுக்கு வெளியே ஒரு குருவைத் தேடி, மற்றவர்களுக்கும் உபதேசம் செய்துகொண்டிருந்தவர். முப்பதைத் தாண்டிய, தேடலில் பழகிய மனிதர். கை கட்டுப்போட்டபடியே தினமும் மிஷன் வீட்டுக்கு வந்தார். வார்டும் ஃபீலிக்ஸும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். அவரோடு கோகுல் என்ற நண்பர் வந்தார். வீட்டில் மனைவி ராசுவும், அவர் குடும்பத்துப் பெண் ஜெயமணியும் கேட்டுக்கொண்டார்கள்.

டிசம்பர் 22 திங்கட்கிழமை கிருஷ்ணனும் கோகுலும் மிஷனரிகளின் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒளிந்து சாப்பிடவில்லை, வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் சாதியை விட்டாக வேண்டும் என்பதில் செராம்பூர்க்காரர்கள் உறுதியாக இருந்தார்கள். அன்று மாலை கிருஷ்ணன், கோகுல், ராசு, ஜெயமணி நால்வரும் சபையின் முன் தங்கள் விசுவாசத்தைச் சொன்னார்கள். சாதிச் சங்கிலி அறுந்தது என்று வார்டு நாட்குறிப்பில் எழுதினார்.

இந்த இடத்தில் தெற்கே திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் லுத்தரன் சபைகள் சாதியை உலக வழக்கம் என்று விட்டுவைத்திருந்தன. கோயிலில் தனித்தனி இடம், இராப்போஜனத்தில் முன்பின். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளந்தன. வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் கவிஞரே அந்த உத்தரவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். திருநெல்வேலிப் பக்கம் அசனப் பண்டிகையில் இன்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள் என்றால் அது தானாக வந்த வழக்கமில்லை. செராம்பூரில் ஒரு தச்சர் 1800-ல் செய்ததைத் தமிழ்ச் சபைகள் செய்ய எத்தனை காலம் ஆயிற்று என்பது நாம் வெட்கப்படவேண்டிய கணக்கு.

அதே சமயம் இதையும் சொல்லவேண்டும். அந்த மேஜையில் சாப்பிட்டதால் மிஷனரிகள் இழந்தது எதுவும் இல்லை. கிருஷ்ணனும் கோகுலும் ஒரு வேளைச் சோற்றில் உறவு, தொழில், பெண் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் பணயம் வைத்தார்கள். செய்தி பரவியதும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் திரண்டு வந்து இருவரையும் டேனிஷ் நீதிபதியிடம் இழுத்துப்போனதாக மிஷனரிகளின் பதிவு சொல்கிறது. என்ன குற்றம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. நீதிபதி விட்டுவிட்டார். கூட்டம் வேறொரு புகாரோடு திரும்பி வந்தது. கிருஷ்ணனின் மூத்த மகள் கோலக்குக்குச் சிறுவயதிலேயே கல்யாணம் பேசி முடித்திருந்தது. சாதி கெட்டவன் வீட்டில் எங்கள் பெண் இருக்கக் கூடாது, கொடுத்துவிடு என்றார்கள். பெண்ணின் விருப்பமில்லாமல் அனுப்பமாட்டேன் என்று ஆளுநர் பீ மறுத்தார், கிருஷ்ணன் வீட்டு வாசலில் சிப்பாய்க் காவலும் போட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் செராம்பூரில் ஒரு தச்சர் குடும்பம் காவலுக்குள் அடைந்து கிடந்தது. கோலக்கை அதோடு விட்டுவிடவில்லை. பிறகு பட்டப்பகலில் பலவந்தமாகக் கல்கத்தாவுக்குத் தூக்கிப் போனார்கள். தகப்பன் எடுத்த முடிவுக்கு மகள் கொடுத்த விலை அது. டாரத்தியையும் இந்தப் பெண்ணையும் ஒரே வரிசையில்தான் என்னால் வைத்துப் பார்க்க முடிகிறது. இரண்டு பேரையும் யாரும் கேட்டுவிட்டு முடிவெடுக்கவில்லை.

மிரட்டல் பலித்தது. கோகுலும் இரண்டு பெண்களும் இப்போதைக்கு வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். கிருஷ்ணன் மட்டும் நின்றார்.

இதற்குள் தாமஸுக்கு என்னவோ ஆகிவிட்டது. பதினேழு வருடம் காத்திருந்து, கடன்பட்டு, அவமானப்பட்டு, நண்பர்களையும் சங்கடப்படுத்திய உணர்ச்சிவசப்பட்ட மனிதர் அவர். கிருஷ்ணன் ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்ட சந்தோஷத்தை அவர் மூளை தாங்கவில்லை. பிதற்ற ஆரம்பித்தார். கட்டிலில் கட்டுப்படுத்திவைக்க வேண்டியதாயிற்று. எந்த ஆளின் கை கிருஷ்ணனின் தோளைச் சரிசெய்ததோ அந்த ஆளால் கிருஷ்ணனின் ஞானஸ்நானத்தைப் பார்க்க முடியாமலே போயிற்று.

28 ஞாயிறு காலை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு எதிரே இருந்த படித்துறைக்குக் கேரி நடந்தார். ஒரு பக்கம் மகன் ஃபீலிக்ஸ், மறுபக்கம் கிருஷ்ணன். அவர்கள் கடந்துபோன வழியில் பள்ளி அறையில் தாமஸ் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார், எதிர்ப்பக்க அறையில் அடைக்கப்பட்டு டாரத்தி. இதைப் பதிவுசெய்தவர் வேறு யாருமில்லை, வார்டுதான். நல்ல செய்தியை ஊருக்கு அனுப்பும்போது இதை மறைத்திருக்கலாம், அவர் மறைக்கவில்லை. அதற்காகவே எனக்கு வார்டு மேல் மரியாதை அதிகம்.

கரையில் ஆளுநர் பீ, ஐரோப்பியர்கள், போர்த்துகீசியர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று பெரிய கூட்டம். இந்த நதி புனிதம் என்பதற்காக நாங்கள் இதில் இறங்கவில்லை, இது வெறும் தண்ணீர் என்று கேரி வங்காளியில் விளக்கினார். முதலில் ஃபீலிக்ஸுக்கு ஆங்கிலத்தில் ஞானஸ்நானம், பிறகு கிருஷ்ணனுக்கு வங்காளியில். ஆளுநர் பீ எல்லோர் முன்னிலையிலும் அழுதார். பிற்பகலில் முதன்முறையாக இராப்போஜன ஆராதனை வங்காளி மொழியில் நடந்தது.

தாயாகப்பட்டவள் அறைக்குள் அடைபட்டிருக்க, மகன் ஆற்றில் இறங்கினான். ஃபீலிக்ஸ் அன்று என்ன நினைத்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஏழு வயதில் கப்பலேறி, சின்ன வயதிலேயே அநேகமாக எல்லாவற்றையும் பார்த்து, தம்பியைப் புதைத்து, தாய் பித்தாவதைக் கண்டு வளர்ந்த பிள்ளை. பின்னாளில் பர்மாவுக்குப் போனான். அங்கே ஒரு படகு விபத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து வருடக்கணக்கில் அலைந்தான், கடைசியில் வார்டுதான் தேடிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். வங்காளியின் முதல் கலைக்களஞ்சியத்தை எழுதத் தொடங்கியவர் இந்த ஃபீலிக்ஸ். 1822-ல், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இறந்தார்.

பின்வாங்கியவர்களில் முதலில் திரும்பி வந்தது ஆண்பிள்ளை கோகுல் இல்லை, ஜெயமணி. 1801 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். வங்காளத்தில் இந்த மிஷனின் முதல் பெண் சபையார் அவர். ராசு அடுத்து, கோகுலும் பிறகு. தாமஸ் கல்கத்தாவில் மனநோய் விடுதியில் சில வாரம் இருந்து தெளிந்தார். ஆனால் அந்த அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விருந்து 1800-ல் நடந்தது அல்ல, 1803 ஏப்ரலில் நடந்தது. கிருஷ்ணன் தன் இன்னொரு மகள் ஆனந்தமயியை, பிராமண குலத்திலிருந்து சபைக்கு வந்த கிருஷ்ணபிரசாத் என்ற இளைஞருக்குக் கட்டிக்கொடுத்தார். தச்சர் வீட்டுப் பெண், பிராமண மாப்பிள்ளை. கிருஷ்ணன் வீட்டு வாசலில் கேரி கல்யாணத்தை நடத்திவைத்தார். அன்று மாலை மிஷனரிகள் எல்லோரும் கிருஷ்ணன் வீட்டில் உட்கார்ந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அதுவரை இவர்கள் அழைத்தார்கள், அவர்கள் வந்தார்கள். இப்போது தச்சர் அழைத்தார், துரைமார் போனார்கள். செராம்பூர் சபை முழுமையானது அன்றைக்குத்தான் என்று சொல்வேன்.

அதே ஆண்டு கோகுல் இறந்தபோது யார் தூக்குவது என்ற கேள்வி மறுபடி வந்தது. கீழ்மட்டத்துப் போர்த்துகீசியர்களைக் கூலிக்குப் பிடித்துப் பிணம் தூக்கச் செய்வதுதான் அதுவரை வழக்கம். மார்ஷ்மன் ஒரு பக்கம், ஃபீலிக்ஸ் ஒரு பக்கம், பிராமணராக இருந்த பைரவ் ஒரு பக்கம், முஸ்லிமாக இருந்த பீரு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி பீட்டரின் பெட்டியைத் தூக்க ஆள் இல்லாமல் நின்ற ஃபீலிக்ஸ்தான் இப்போது தோள் கொடுத்தவன்.

டாரத்தி 1807 டிசம்பர் 8-ல் காய்ச்சலில் இறந்தார். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக மனநோயோடு இருந்தவர். மனைவியைக் கல்கத்தா விடுதிக்கு அனுப்பிவிடும்படி பலர் சொல்லியும் கேரி மறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார் என்பதை அவர் பக்கத்தில் எழுதவேண்டும். அடுத்த மேயில் ஷார்லட் ருமோர் என்ற டேனிஷ் பெண்மணியை மணந்தார். அது நண்பர்களுக்கே அவசரமாகப் பட்டது. டாரத்திக்கென்று ஒரு தனி வாழ்க்கை வரலாற்றை ஜேம்ஸ் பெக் 1992-ல் எழுதினார். அதற்கு முன் வந்த பல புத்தகங்களில் அந்த அம்மாள் கணவரின் வேலைக்குக் குறுக்கே நின்ற ஒரு தடை, அவ்வளவுதான். கேரி பெரியவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் யார் அதிகம் கொடுத்தது என்று கேட்டால், கொடுக்க மனமில்லாமலே எல்லாவற்றையும் கொடுத்தவரின் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

கிருஷ்ண பால் இருபது வருடத்துக்கும் மேல் ஊழியம் செய்தார். தன் வீட்டருகே தானே ஒரு ஆலயம் கட்டினார். கல்கத்தாவில் தெருத்தெருவாகப் பிரசங்கித்தார். காசி மலைப் பக்கம் போனார். பாட்டு எழுதினார். 1822-ல் காலராவில் இறந்தார். செராம்பூர்க் கல்லூரி 1818-ல் தொடங்கி, 1827-ல் டென்மார்க் ராஜாவின் சாசனம் பெற்றது. மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் இறையியல் படிக்கும் நம் பிள்ளைகள் வாங்கும் பட்டம் அந்தச் சாசனத்தின் பேரால் வருவதுதான். 1845-ல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டேனிஷ்காரர்கள் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பீ கட்டத் தொடங்கிய செயின்ட் ஓலாவ் தேவாலயம் சிதைந்து கிடந்து, டென்மார்க் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016-ல் மறுபடி திறக்கப்பட்டது. கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் ஹவுராவில் மின்ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

நம் ஆட்கள் இந்தக் கதைக்குள் வருவது இன்னொரு கிறிஸ்துமஸில். 1905 டிசம்பர் 25 அன்று, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் செராம்பூரில் கேரியின் நூலகத்தில் கூடி தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்களின் கொள்கை. அந்த அறையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரர், வே. ச. அசரியா. இரண்டு வருடத்துக்கு முன்தான் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்நின்றவர். (கேரி பிறந்ததும் ஆகஸ்ட் 17, அசரியா பிறந்ததும் ஆகஸ்ட் 17. இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.) மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தான் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல் அசரியா 1909-ல் மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் நிஜாம் ராஜ்யத்துத் தோர்னக்கல்லுக்குப் போய்க் கூடாரத்தில் குடியிருந்தார். அந்த ஊர்த் தெலுங்கு அவர்களுக்குத் தெரியாது. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். அதுவும் கிறிஸ்துமஸ் வாரம்தான்.

அடுத்த இதழில் அந்தத் தோர்னக்கல் குடும்பம். அங்கும் நான் அன்பு மரியம்மாளிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி தெலுங்கு தேசத்துக்கோ வேறு மிஷன் களத்துக்கோ போனவர்களாக இருந்து, அவர்கள் எழுதிய கடிதமோ கணக்குப் புத்தகமோ பெட்டியில் கிடந்தால் தயவுசெய்து படியெடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பாட்டி எழுதியது ஏதாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.

(தொடரும்)